எங்கள் மலையில் அந்த நோய் இல்லை

என் மனைவி சாந்தி கருவுற்றிருந்தபோது, எய்ட்ஸ் சோதனைக்கு அவள் இரத்தம் கொடுக்க விடாமல் தடுத்தவன் நான். தடுத்தது அவளுக்குத் தெரியும். ஏன் தடுத்தேன் என்பது தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

என்னைக் கொடியவன் என்பீர்கள். சொல்லுங்கள்... கோழை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஜவ்வாது மலைக்காரர்கள். சாமையும் புளியும் வயிற்றுக்குப் போதாமல் போனதும், ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளில் எங்கள் ஆண்கள் வேலைக்கு ஏறினார்கள். நானும் ஏறினேன். மொழி தெரியாத வடக்கே ஊர் ஊராக அலைந்தோம். லாரி நின்ற ஊர்களில் நான் போகக் கூடாத வீடுகளுக்குப் போனேன். திருமணத்துக்குப் பிறகும் போனேன்!

அப்போது எனக்குப் பயமே இருந்ததில்லை. அந்த நோய் மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு வருவது என்று எங்கள் ஊரே நம்பியது. வெளியூர் வேலைக்குப் போனவன் திரும்பி வந்தால், ஓடையில் தலைமுழுகி, மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டு, மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவான். கீழே ஒட்டியதெல்லாம் ஓடைத் தண்ணீரோடு போய்விடுமாம்! நானும் ஒவ்வொரு முறையும் முழுகினேன். எழுந்ததும் சுத்தமாகிவிட்டேன் என்றே நம்பினேன். எவ்வளவு வசதியான நம்பிக்கை அது!

சாந்திக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது புளி விற்கப் போளூர் போனேன். பேருந்து நிலையத்தில் வெங்கடேசன் அண்ணனைப் பார்த்தேன். அமிர்திப் பக்கத்து மலையூர்க்காரர். என்னோடு அதே லாரியில் வேலை பார்த்தவர். என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"எனக்கு அந்த நோவுடா. மாத்திரை சாப்ட்றேன், இப்ப நல்லாத்தான் கீறேன்."

"உனக்கா? நம்ம மலையில யாருக்கும் கெடையாதேண்ணா!"

"இன்னாடா பேசுற? மாத்திரை வாங்குற எடத்துல நம்ம மலைக்காரனுங்க எத்தினி பேர பாத்துக்கீறேன்! தெரிஞ்சவன் பாத்துடுவான்னு செங்கத்துப் பக்கம் இருக்கிறவன் வேலூர் போறான், நான் போளூர் வர்றேன். அதான் ஒருத்தனுக்கும் இல்லாத மாதிரி தெரியுது." குரலைத் தாழ்த்தினார். "நீயும் போய் டெஸ்ட் எடுத்துடு. ஒரே வூட்டுக்குத்தானே போனோம்..."

அன்று எத்தனை பேருந்துகளைத் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே நர்சம்மா எங்கள் ஊருக்கு வந்தார். இரத்தம் எடுக்கக் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்தார். சாந்தி கையை நீட்டிவிட்டாள். "எல்லாருக்கும் எடுக்கிறதுதாண்ணா. ஒருவேளை இருந்தாக்கூட, தாய்ப்பால்லகூட ஒட்டாம மருந்து குடுத்து கொழந்தையைக் காப்பாத்திடலாம்" என்று நர்சம்மா என்னிடம் சொன்னார்.

கேட்டேன். தெளிவாகக் கேட்டேன்! என் பாவத்தைச் சரிசெய்ய இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்குமா? ஆனால் அந்த இரத்தம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டால்... ஊர் கூடிவிட்டால்... சாந்தி என் முகத்தைப் பார்த்தால்...

"எங்க மலையில அந்த நோவு இல்லீங்க! எங்க பொம்பளைங்கள அசிங்கப்படுத்தாதீங்க!" என்று கத்தினேன்.

பொய்யென்று தெரிந்தே கத்தினேன். ஊர் என் பக்கம் நின்றது. சாந்தி கையை இழுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் எழுந்து போனார்கள். ஊர் மானத்தைக் காப்பாற்றினேன் என்று ஆண்கள் என் தோளைத் தட்டினார்கள். அந்தப் பெண்களின் கணவர்களும் லாரிக்குப் போனவர்கள்தாம். அதை அங்கே யார் நினைத்தார்கள்? நான் நினைத்தேன். நினைத்தும் வாயைத் திறக்கவில்லை.

வலி வந்தது ஒரு காலை வேளையில். "ஜீப்பைக் கூப்புடு மாமா, பயமா கீது" என்று சாந்தி அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் இரத்தம் எடுப்பார்கள் அல்லவா? "ரோடு சரியில்ல, வூட்லயே பாத்துக்கலாம்" என்றேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது! மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

எனக்கு அந்த நோய் இருக்கிறதா? தெரியாது. இல்லாமலும் இருக்கலாம்... போளூருக்கு இருமுறை போனேன். சோதிக்கும் அறையின் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் எனக்கு உயிர் போகிறது. சாந்திக்கு ஒரு வாரமாக இருமல். மழைக்கால இருமல்தான் என்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.

இப்போதாவது சொல் என்கிறீர்களா? இன்றுகூட மருந்துக்கு நேரம் இருக்கலாம்; எனக்கும் தெரியும். சொல்லத்தான் எழுந்தேன். அவள் நிமிர்ந்து, "இன்னா மாமா?" என்று சிரித்தாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்கிறது.