ஒரு சரை கச்சான்

ஜெர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து செய்தி வந்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குணம் அண்ணை போய்விட்டார். இனி யாரும் என் கையில் கச்சான் சரையை, அந்தக் கடலைப் பொட்டலத்தை, திணிக்கமாட்டார்கள். அழுகை மறுநாள்தான் வந்தது.

கோயிலுக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். முப்பது ஆண்டுகள் வார்ப்பாலையில் இரும்பு உருக்கியவர். ஓய்வுபெற்ற பிறகு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கை மலைச்சரிவுகளில் துருத்தி இல்லாமலே எஃகு உருக்கிய உலைகளே அவருக்குப் பேச்சு. "அரபுக்காரன் கப்பல்ல வந்து வாங்கினவன், தம்பி. எங்கட உருக்கு உலகம் சுத்தினது" என்பார்.

அருங்காட்சியகம் ஒன்று அக்கால இரும்பைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியது. அவர் தமிழில் கையால் பன்னிரண்டு பக்கம் எழுதினார். ஒரே பிரதி. அதை ஜெர்மனில் பெயர்க்கும் பொறுப்பு, அந்த அருங்காட்சியகத்தில் ஆய்வு மாணவனாக இருந்த தஞ்சாவூர்க்காரனான எனக்கு. "விளங்காட்டிக் கேளும்" என்றார். எனக்கா தமிழ் விளங்காது?

'கச்சான் இல்லாட்டி உலை எரியாது' என்று எழுதியிருந்தார். ஈழத்தவர் கடையில் கச்சான் வாங்கித் தின்றவன் நான், நிலக்கடலைதானே! பன்னிரண்டு பக்கமும் கடலையைப் போட்டே உலையை எரித்தேன். அவர் சொன்னது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை.

கடலை அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்து. தேர்வுக் குழு என் முன்னாலேயே உரக்க வாசித்துச் சிரித்தது. "அவை காற்றில் எரிந்த உலைகள் ஆயிற்றே" என்றார் ஒருவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். "வயசாயிடுச்சு, பாவம்" என்றும் சொன்னேன்.

கையெழுத்துப் பிரதியோடு திரும்பி வந்த மறுப்புக் கடிதத்தை மகள் அவருக்கு வாசித்துக் காட்டினாளாம். அதில் கடலை இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கோயில் தேரன்று உங்கள் எல்லோர் முன்னாலும் தாளில் சுருட்டிய சரையை நீட்டினார்.

"கச்சான் சாப்பிடும் தம்பி. உலை எரியட்டும்."

நீங்கள் பாசம் என்று நினைத்தீர்கள். நான் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தார். பதினோரு ஆண்டுகள், ஒவ்வொரு தேருக்கும் ஒரு சரை. ஒருமுறை, "தப்பு என்னுதுன்னு குழுவுக்கு எழுதி அனுப்பிடறேன் அண்ணே" என்றேன்.

"ஏலாது. சிரிச்ச வாய் திருப்பி வாசிக்காது."

அடக்கத்தன்று அவர் மனைவி ஒரு சரை தந்தார். "உங்களுக்கெண்டு வறுத்து வைக்கச் சொன்னவர்." அன்றுதான் முதன்முறையாகத் தாளை விரித்தேன். அவர் கையெழுத்து. பன்னிரண்டாம் பக்கம்.

என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். மற்ற பதினொன்றையும் கடலைத் தோலோடு கசக்கி எறிந்துவிட்டேன்.