இரண்டு சீட்டிலும் நான் எழுதியது

என் மகள் பிளஸ் டூ முடித்ததும் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். எனக்கு மனசு வரவில்லை. ஓசூரிலிருந்து தினமும் ஹைவேயில் பஸ். கம்பெனிக்குப் போகிற வழியில் அந்த ரோட்டில் நான் பார்க்காத விபத்தா? வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். இருந்தது.

பெரிய காரியம் எதுவானாலும் எங்கள் வீட்டில் சீட்டு எழுதி, பைபிளுக்குள் வைத்து, ஜெபம் பண்ணி ஒன்றை எடுப்போம். வருவது கர்த்தருடைய சித்தம். அன்றைக்குச் சீட்டு எழுதியது நான். இரண்டிலும் பி.காம். என்றே எழுதினேன். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "ஸ்தோத்திரம்" என்றாள். மற்றதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நன்றாகத்தான் படித்தாள். கடைசி வருஷம் அவளுடைய மேடம் ஒருவர் சொல்லி, எம்.எஸ்சி. ஆக்சூரியல் சயின்ஸ்தான் படிப்பேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"அதுல என்ன பாப்பா சொல்லித் தர்றாங்க?"

"எந்த வயசுல எத்தன பேர் சாவாங்கன்னு கணக்குப் போட்டு, இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்ளோன்னு சொல்றதுப்பா."

"அது கர்த்தருக்கு மட்டும்தானே தெரியும்?"

"நீ எப்ப போவேன்னு அவருக்குத்தான் தெரியும். ஊர்ல மொத்தம் எத்தன பேருன்னா நான் சொல்லிடுவேன்."

"வாயக் கழுவுடி" என்றாள் என் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம்.

விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் தகுதி என்று போட்டிருந்ததைப் படித்தாள். டிகிரியில் கணிதமோ புள்ளியியலோ முக்கியப் பாடமாக இருக்க வேண்டுமாம். பி.காமில் பிசினஸ் மேத்ஸ் படித்திருக்கிறாளே என்று போன் போட்டுக் கேட்டேன். "அது பத்தாதுங்க சார்" என்றார்கள். இன்னும் இரண்டு கல்லூரியில் அவளே கேட்டாள். அதே பதில்.

அவள் அழவில்லை. அழுதது என் மனைவிதான்.

"ஏம்மா அழற? கர்த்தர் காட்டின வழிதானே. இதுக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பாரு" என்று அம்மாவைத் தேற்றினாள்.

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "படிப்பு போனா போகட்டும்பா. கணக்குதான் வேணும்னு மனசு அடிச்சுக்கிட்டப்பல்லாம், அவர் சொன்னதை மீறக் கூடாதுன்னு அழுது ஜெபம் பண்ணேனே. அதெல்லாம் யாருக்காகப்பா?"

இப்போது ஒரு கம்பெனி ஆபீசில் வேலை செய்துகொண்டே, அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷத்திலிருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சபைக்கு வருகிறாள். பாட்டுக்கு எழுந்து நிற்கிறாள். ஜெபத்தின்போது அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.