கேபிளைப் பிடுங்கிய பிறகு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய அச்சகத்துக்குள்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்னோடு கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சுருட்டை, முதலாளியோடு சண்டை போட்டு போன மாதமே வேலையை விட்டுப் போயிருந்தான். சர்வரின் கடவுச்சொல்லைக்கூடச் சொல்லவில்லை; இப்போது சர்வர் படுத்துவிட்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை.

“திங்கக்கிழமை காலையில சர்வர் ஓடணும். இல்லேன்னா நீயும் கெளம்பு,” என்றார் முதலாளி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற உட்கார்ந்தேன். எங்களுடையது, மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி அந்தக் கணினியிலேயே கட்டிக்கொள்ளும் வகை. அதற்கு இரண்டு வழி. அடித்தளத்தை ரெடிமேடாக வாங்கி வைத்து மேலே கட்டலாம். சில மணி நேரம். அல்லது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் உட்பட அடியிலிருந்து எல்லாவற்றையும் நாமே கட்டலாம், நாள்கணக்கு. சுருட்டைக்கு இரண்டாவதுதான் உயிர். “ரெடிமேட்ல போட்டா அது நம்ம மெஷினாடா?” என்பான். அவன் மேலிருந்த எரிச்சலில் ரெடிமேடையே எடுத்தேன்.

வரிகள் ஓடின. உற்றுப் பார்த்தேன்... கம்பைலரைக் கட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து.

நிறுத்தினேன். மறுபடி ரெடிமேட். மறுபடி அடியிலிருந்து...

சுருட்டைதான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நெட் வழியாக உள்ளே புகுந்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். ரத்தம் கொதித்தது.

“போய்த் தொலைடா,” என்று கத்தி, இணையக் கேபிளைப் பிடுங்கினேன்.

பதிவிறக்கம் நிற்கவில்லை.

ஒரு கோப்பு வந்தது. அடுத்தது... அடுத்தது...

கேபிள் என் கையில்.

நாள்கணக்கு வேலை, நிமிடங்களில் ஓடியது.

மணி 3:40. அவன் எண்ணுக்கு அடித்தேன். இந்த முறை எடுத்தது அவன் தங்கை.

“அவன்கிட்ட குடும்மா.”

“அண்ணன் தவறிப்போயி இருபது நாளாச்சு. உங்க பிரஸ்ல சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

திரையில் வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணன் ரூம் பூட்டியே கெடக்கு. கம்ப்யூட்டரையும் வித்தாச்சு. ஆனா மத்தியானத்துலேர்ந்து உள்ள கீபோர்டு தட்டுற சத்தம்...” கொஞ்சம் நிறுத்தினாள். “இதோ, இப்ப நின்னுடுச்சு.”

என் திரையில் கடைசி வரி விழுந்தது. கட்டி முடிந்தது.

திங்கட்கிழமை சர்வர் ஓடியது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். வேலை பிழைத்தது.

அந்தக் கேபிளை நான் இன்றுவரை திரும்பச் செருகவில்லை. அப்டேட் மட்டும் ஞாயிறுதோறும் வந்துவிடுகிறது.