அரியூர் நாட்டுத் தராசு

விமல்ராஜ் பொய் சொல்கிற ஆள் இல்லை. பேய் என்றால் சிரிக்கிறவன். அவனுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு, மிளகு வாங்கும் கடைகளுக்காக அவன் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் எடையை வாய்விட்டுச் சொல்லும். எழுத்துத் தெரியாதவர்கள் ஏமாற மாட்டார்கள். குரல் அவன் மனைவி சங்கீதாவுடையது. எண்களையும் ‘கிலோ’ என்ற சொல்லையும் மட்டும் பதிந்து, எல்லாவற்றையும் ஒரே செட்டப் ஃபைலாகக் கட்டியிருந்தான். கொல்லிமலையில் நெட் நிற்காது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினான்.

அரியூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் பாப்பாத்தியம்மாளின் கடை. மத்தியானம்தான். ஆனாலும் பனி இறங்கி வாசல் தெரியவில்லை. இன்ஸ்டால் முடிந்ததும் சங்கீதாவின் குரல் ஒலித்தது.

“முப்பத்தெட்டு கிலோ.”

மூட்டை வைக்கும் பெரிய இரும்புத் தட்டில் ஒன்றுமில்லை.

“தராசு கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லீங்க.” பாப்பாத்தியம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். மறுபடியும் முப்பத்தெட்டு. தராசு ஒயரைப் பிடுங்கினான்.

“முப்பத்தெட்டு கிலோ.”

தட்டு கிரீச்சிட்டது... யாரோ புரண்டு படுப்பது போல.

பிறகு வேறொரு குரல். சின்னப் பெண். மூச்சு வாங்கியது.

“இறக்கி உடுங்க...”

அவன் கட்டிய ஃபைலில் அந்தச் சொல்லே இல்லை.

பாப்பாத்தியம்மாள் சுவிட்சை அணைத்தார்.

“கெளம்புங்க சாமி. இங்க இது வேண்டாம்.”

“யாருங்க அது?”

அவர் கடைக் கதவைச் சாத்தினார்.

ஸ்பீக்கர் கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். வரும் வழியில் வாசலூர்பட்டியில் பூபதியின் கடைக்கும் அதே பென் டிரைவிலிருந்து போட்டுக்கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும், மற்ற ஊர்க்காரர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று அதே ஃபைலை இணையத்தில் ஏற்றினான்.

காலையில் பூபதி போன் செய்தார்.

“ஏனுங்க, வெறுந்தட்டு பேசுதுங்க. இறக்கி உடச் சொல்லுது.”

விமல்ராஜ் பதறிப்போய் இணையத்திலிருந்து ஃபைலை நீக்கினான். அதற்குள் பல கடைக்காரர்கள் இறக்கியிருந்தார்கள்.

நடந்ததைப் பூபதிதான் சொன்னார். போன வருடம் மிளகு பறிக்க ஏறிய ராதிகா என்ற பெண் மரத்திலிருந்து விழுந்துவிட்டாள். கடைத் தரையெல்லாம் மழைத் தண்ணீர். பாப்பாத்தியம்மாளின் தராசுத் தட்டில்தான் படுக்க வைத்தார்கள். பனியில் வண்டி வரத் தாமதமானது. இரும்பு சில்லிடுகிறது, இறக்கி விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடுப்பு முறிந்தவளை அசைக்கப் பயந்து யாரும் தொடவில்லை. அங்கேயே உயிர் போனது.

பூபதி குரலைத் தாழ்த்தினார்.

“உடம்பத் தூக்கி வண்டில வெச்சாச்சுங்க. தராசுல எடை மட்டும் கொறையவேயில்லீங்க.”