நான் மறைக்காமல் எழுதிய ஒரு வரி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதக் காலையில், திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த கணினிச் சேவை மையத்தில் இது தொடங்கியது. பழுதாகிப் போன என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கை வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லி அங்கே போயிருந்தேன். மாற்றித் தந்தார்கள். ஆனால் அதற்குள் அங்கிருந்த ஒரு பெண்ணின் வேலை போய்விட்டது. அது என்னால் போயிற்று. இதுவரை இரண்டு பேரிடம் மட்டுமே இதை முழுமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, அப்போது ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறைகளில் வசிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சந்தித்து, அவர்களுடைய வேலை நிலைமையைக் கேட்டுப் பதிவு செய்வது என் பொறுப்பு. மணவாள நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெரியபாளையம் வழியாக இரண்டு பேருந்துகள் மாறிப் போக வேண்டும். அப்படி ஒரு நாள் போகும்போது, குறுக்கே வந்த டிராக்டருக்காக ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். மடியில் இருந்த பை நழுவி, படிக்கட்டின் இரும்பு விளிம்பில் போய் மோதியது. திறந்து பார்த்தேன். மூலையில் ஒரு சிறு சொட்டை. மற்றபடி கணினி வழக்கம்போல ஓடியது. மூன்று நாள் கழித்து உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு திரை ஒளிரவேயில்லை.

தாளில் நிரப்பிய படிவங்கள் என்னிடம் பத்திரமாக இருந்ததால் தகவல் எதுவும் அழிந்து போகவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறுபடியும் தட்டச்சு செய்து, அடுத்த மாதக் கடைசிக்குள் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பாதி நிம்மதியோடு அந்த மாடிப்படி ஏறினேன்.

முகப்பில் ஏறக்குறைய என் வயதில் ஒரு பெண் இருந்தார். பழுது பார்ப்பவரும் அவரேதான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் கணினி நிறுவனத்தின் பெயர் இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர்தான் இருந்தது. கணினியை இயக்கி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டார்.

"நாடி பாத்துட்டேன் மேடம். ஆளு பூட்டாரு" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிறகு கட்டைவிரலால் மூலையில் இருந்த சொட்டையைத் தடவிப் பார்த்தார். "எங்கனா கீழ விழுந்துச்சா?"

மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் விழுந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விழுந்துச்சுனு எழுதினா வாரண்டி கெடையாது. புது டிஸ்க்கு நீங்கதான் வாங்கணும். பாடி உடையல, ஸ்கிரீன் உடையல. இந்த மாடல்ல விழாமயே டிஸ்க்கு பூட்டு, ரிப்பேருக்கு வந்துக்கினுதான் கீது. விழுந்ததாலதான் போச்சுனு யாரு கண்டா? நான் டேமேஜ் இல்லனு டிக் அடிச்சிடறேன். நீங்க சொல்லல, நான் கேக்கல."

எனக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் டிக் அடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "நல்ல வேலைதான்க்கா. எங்க அண்ணன்கூட கும்மிடிப்பூண்டில கம்பி கம்பெனில காண்ட்ராக்ட்லதான் கீறான்" என்றார். அதற்குப் பிறகு நான் அவருக்கு ‘மேடம்’ அல்ல, ‘அக்கா’.

ஒரு வாரத்தில் டிஸ்க் வந்துவிடும் என்றார்கள். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தால், எண்களை அழுத்தச் சொல்லும் குரலைத் தவிர மனிதக் குரல் கிடைக்கவில்லை. மையத்துக்கு நான்கு முறை நேரில் போனேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே, டிஸ்க் வர வேண்டிய குடோனுக்குப் போன் போட்டுப் பேசினார். நான்காவது முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோங்கக்கா. மெயில் கியில் போட்டுடாதீங்க. ஃபைல நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க, எனக்குப் பேஜாரா பூடும்" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. காதில் விழுந்தது. ஆனால் புகார் வந்துவிடக் கூடாதே என்று எல்லா அலுவலகங்களிலும் சொல்லும் சமாதானங்களில் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டேன். கோரிக்கையை எழுத்தில் வைக்காதவருக்கு எதுவும் கிடைக்காது என்று கும்மிடிப்பூண்டியில் அறை அறையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

மனு எழுதுவதில் எனக்கு ஓரளவு பெயர் உண்டு. எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றாலும், யாருக்காவது முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும் என்னிடம்தான் வருவார்கள். நாள் வரிசைப்படி எழுதுவேன். நமக்குப் பாதகமானதையும் சேர்த்தே எழுதுவேன். நாம் மறைத்த ஒன்றை எதிர்த்தரப்பு கண்டுபிடித்துவிட்டால், நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பழக்கத்திலேயே, அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, அந்தக் கணினி நிறுவனத்தின் உயரதிகாரிக்கு இரண்டு பக்கப் புகார் ஒன்றை எழுதினேன். அதில் ஓரிடத்தில் இப்படி இருந்தது: ‘மடிக்கணினி ஒருமுறை பேருந்தில் கீழே விழுந்ததை முதல் நாளே தங்கள் பணியாளரிடம் மறைக்காமல் தெரிவித்தேன், அதைக் கேட்ட பிறகே அவரும் கணினியை வாரண்டியில் ஏற்றுக்கொண்டார்.’

என் நேர்மைக்குச் சான்றாகத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். அது இல்லாமலேயே புகார் நின்றிருக்கும். தாமதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அலுவலகத் தோழியிடம் படித்துக் காட்டினேன். "இன்னாடி, டிஸ்க்கு கேட்டு எழுதினியா, கட்சி ஆரம்பிக்க எழுதினியா?" என்று கேலி செய்தாள். அந்த வரி எங்கள் இருவர் கண்ணையும் உறுத்தவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள், மிகப் பணிவான குரலில் ஒருவர் அழைத்தார். விதிப்படி வாரண்டி பொருந்தாது என்றாலும், என் சிரமத்தைக் கருதி நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகவே மாற்றித் தருவதாகச் சொன்னார். நான்கு நாளில் டிஸ்க் வந்து சேர்ந்தது. அந்த நான்கு நாளும் நான் கண்டவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். புகாரை முறையாக எழுதினால் எப்படி வேலை நடக்கிறது பாருங்கள் என்று.

கணினியை வாங்கப் போன அன்று முகப்பில் ஓர் ஆண் இருந்தார். அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன்.

"அவுங்கள நிறுத்திட்டாங்க மேடம். யாரோ கஸ்டமர் மெயில் போட்டுக்கிறாங்க. விழுந்த மிஷின விழலனு டிக் அடிச்சிட்டாங்களாம். ஏஜென்சிக்காரர் வந்து ஐடி கார்டை வாங்கிக்கினு அனுப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே என் ரசீதை வாங்கிப் பார்த்தார். எண்ணைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"இன்னும் பத்து நாள் விசாரணைல வெச்சிக்கினு கீறாங்க. விழுந்தத அவுங்க கிட்ட சொல்லவே இல்லனு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, தெரியாம டிக் அடிச்சதா ஆயிடும். திரும்ப எடுத்துப்பாங்க. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

மாடிப்படி இறங்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் யோசிக்க ஆரம்பித்தேன். முதல் புகாரில் எழுதியதை நானே பொய் என்று எழுத வேண்டும். அதன் அடியில் என் அமைப்பின் பெயர் இருக்கிறது. நாளைக்கு இன்னொருவருக்காக நான் எழுதும் மனுவை இது கெடுத்துவிடாதா? கெடுக்கும், கெடுக்காது என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று நாளைக் கடத்தினேன். இன்று நிதானமாக யோசித்தால், எனக்காக டிக் அடித்த அந்தப் பெண் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

கடைசியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், நீளமாக. அவர் திறமையானவர், அன்பானவர், தவறு முழுவதும் என்னுடையது, டிஸ்க்கின் விலையை நானே கட்டிவிடத் தயார் என்றெல்லாம் உருக்கமாக எழுதினேன். அவரைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒற்றை வரியை மட்டும் எழுதவில்லை. ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று மறுநாளே பதில் வந்தது. பத்து நாளும் கடந்து போயிற்று.

என் அறிக்கை குறித்த தேதியில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளரை முறையான விசாரணையின்றி நிறுத்துவது பற்றி அதில் ஒரு தனி அத்தியாயமே இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல், சேவை மையத்துக்குப் போய் விசாரித்தேன். அவருடைய அண்ணன் சொல்லி, கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. அடுத்த வாரம், பகல் ஷிப்டு முடியும் நேரத்தில் அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றேன்.

நீல மேலங்கியோடு நான்கைந்து பெண்களுடன் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க மேடம்" என்றார். அந்தச் சொல்லிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"லேப்டாப்பு ஓடுதா?"

"ஓடுது."

"ஓடும். ஏழெட்டு தபா போன் போட்டு வரவெச்ச டிஸ்க்கு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். ஊரிலிருந்து வரும்போது பேருந்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"மொதல்ல கோவம்தான். இப்ப காலைல நாலு மணிக்கு எழுந்தா, கம்பெனி வேன புடிச்சி வந்து எட்டு மணி நேரம் நின்னுக்கினே கீறேன். கோவப்படறதுக்குக்கூட உக்கார எடம் வேணும் இல்ல?" என்றார். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, குரல் மாறிக் கேட்டார். "மெயில் போட்டீங்களே, அதுகூட பரவால்ல. உங்க அவசரம் உங்களுக்கு. ஆனா ஒரு வரி எழுதிக் குடுங்கனு அவர் கேட்டாராமே. அத ஏன் மேடம் எழுதல?"

"தெரிஞ்சே பொய்யா எழுத..." என்று தொடங்கினேன்.

"நான் டிக் அடிச்சேனே, அது இன்னாது?"

அவரே தொடர்ந்தார்.

"எனக்கும் தெரியும் மேடம் அது பொய்னு. ஆறு வருசம் என் மேல ஒரு கம்ப்ளெய்ண்ட்டும் இல்லாம வேலை பாத்தவ நான். உங்களுக்கோசரம் அடிச்சேன். நீங்க எதிர்லதான நின்னுக்கினு இருந்தீங்க?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதைப் போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே உதவியை நீட்டினேன். தொழிலாளர் நலத்துறைக்கு மனு எழுதலாம், நானே எழுதித் தருகிறேன், கூடவே வருகிறேன் என்றேன்.

"வேணாம் மேடம்" என்றார். "நீங்க ஒண்ணும் எழுதாம இருங்க, அதுவே போதும்."

வேன் ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டார். ஜன்னலோர இருக்கைதான்; திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கை அசைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் மனுக்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அது என் தொழிலாகிவிட்டது. ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன், அதில் யார் யார் வருகிறார்கள், எந்த வரி யார் சோற்றில் கை வைக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் கவனம் அவருக்கு எந்த விதத்திலும் பயன்படப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொய்யை நியாயப்படுத்த எனக்கு இப்போதும் வரவில்லை. ஆயினும், என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் காரியம் எது என்று யாராவது கேட்டால், சொன்ன எந்தப் பொய்யும் என் நினைவுக்கு வருவதில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் நான் எழுதி அனுப்பிய அந்த இரண்டு பக்கங்கள்தான் வருகின்றன.