கிளிக் அடிக்காத ரெஞ்ச்

மில்லிகிராமுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கல்லூரி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உப்புகளை நிறுத்துக் கொடுப்பவர் அவர். தராசுக்குப் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து நிறுப்பார். பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அந்தப் புத்தி மாறவில்லை. சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதென்றால் அளவுக் குவளைக்கு முன்னால் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டுதான் ஊற்றுவார். சோறு குழைந்தால் பழி அரிசியின் மேல்.

ஞாயிற்றுக்கிழமையானால் இந்த மனிதர் கிழிந்த பனியனோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். காரை ஓட்டுவது அவருடைய மனைவி. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தெருவே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். ஓட்டுவது அவர், பார்த்துக்கொள்வது இவர் என்று கல்யாணமான புதிதிலேயே ஏற்பாடு. வாரத்தில் ஆறு நாள் பேராசிரியர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவருக்கு, அந்தச் சிமெண்டுத் தரையில் மட்டும் தான் வைத்ததுதான் சட்டம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

வினை டார்க் ரெஞ்ச் வடிவத்தில் வந்தது. போல்ட்டை வெறும் கைக்கணக்கில் இறுக்குவது குத்துமதிப்பு வேலை என்று அவருக்குத் திடீரென்று உறைத்துவிட்டது. டார்க் ரெஞ்சில் வேண்டிய அளவைக் கைப்பிடியில் திருகி வைத்துவிட்டால் போதும். அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். வாங்கி வந்து சக்கரங்களின் நட்டுகளை இறுக்கினார். பெரிய அளவில் வைத்தால் ரெஞ்ச் கையிலேயே ஒரு துள்ளு துள்ளும், அதனால் பிரச்சினை இல்லை. அடுத்து, எஞ்சினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிக்கிற ஆயில் போல்ட். அதற்குச் சின்ன அளவு. இறுக்கினார். கிளிக் வரவில்லை. இன்னும் இறுக்கினார். கடைசியில் போல்ட் லேசாக இளகிக் கொடுத்தது. ஓஹோ, இதுதான் அந்தக் கிளிக் போலிருக்கிறது என்று திருப்தியோடு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் நர்ஸம்மா பாதி வழியில் நின்றார். காருக்கடியில் ஆயில் குளம்.

"மெக்கானிக் சொல்றாரு, மரை கழண்டிருச்சாம்," என்றார் வீட்டுக்கு வந்ததும். "போல்ட்டுக்குத்தானா, இல்ல..."

"ரெஞ்ச் சரியில்ல. கிளிக்கே அடிக்கல."

ரெஞ்சைக் கடையில் கொடுத்து மாற்றி வந்தார். புது ரெஞ்சால் ஸ்பார்க் பிளக்கை இறுக்கினார். கிளிக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து, பிளக் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். நர்ஸம்மா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"இனி ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா காரு மெக்கானிக்கிட்டதான் போகும். உங்க கை அதுல படவே கூடாது. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மில்லிகிராம் இரண்டாவது ரெஞ்சையும் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நர்ஸம்மாவும் கூடவே வந்தார்.

டூல்ஸ் கடைக்கார அம்மா அவரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சார், நீங்க முதல்ல திருப்பிக் கொடுத்ததை நாங்க செக் பண்ணிப் பாத்துட்டோம். நல்லாத்தான் இருக்கு."

"கடையில நல்லாத்தான் இருக்கும். என் வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டேங்குது."

மேசையோரத்தில் வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ஒரு போல்ட் இறுக்கப்பட்டிருந்தது. அந்த அம்மா ரெஞ்சில் சின்ன அளவை வைத்து அவர் கையில் கொடுத்தார். மில்லிகிராம் இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மேலும் இழுத்தார். அப்போது எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தவர், கடைக்கார அம்மாவும் நர்ஸம்மாவும் ஒரே நொடியில் ரெஞ்சைத் திரும்பிப் பார்த்ததைக் கண்டார். பிறகு இருவரும் அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவமானமாக இருந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல," என்றார், வழக்கத்தைவிட உரக்க.

கடைக்கார அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். நர்ஸம்மா முந்திக்கொண்டார்.

"இந்தக் கிளிக் சமாசாரமே எங்களுக்கு வேணாங்க. கண்ணால பாக்கிற மாதிரி ஏதாவது இருந்தா குடுங்க."

கடைக்கார அம்மா கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு நீளப் பெட்டியை எடுத்துத் துடைத்தார். "முள்ளு வச்சது. யாரும் கேட்கிறதில்ல. இழுத்தா தண்டு வளையும், எவ்வளவு இறுக்கம்னு முள்ளு காட்டும். உள்ள ஸ்பிரிங்கூடக் கிடையாது, கெட்டுப்போறதுக்கு."

மில்லிகிராம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். முள் இருபத்தைந்தாவது கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. கையை நிறுத்தினார். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

"அடிச்சுதா?" என்று கேட்டார் மில்லிகிராம், மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தபடி.

"அடிச்சுது. ரெண்டு தடவை."

"லேபில டைமர் மணி கூடக் கேட்கிறதில்ல. ஒரு வருஷமாச்சு. பசங்க மூஞ்சியப் பாத்துத்தான் அடுப்பை அணைக்கிறேன். வெளிய சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸம்மா, சொந்த வீட்டில் கோட்டைவிட்டிருந்தார். "அடப்பாவமே. கூப்பிடக் கூப்பிட நீங்க வேணும்னே திரும்பலைன்னு நெனச்சு என்னென்ன திட்டியிருக்கேன்."

மில்லிகிராம் யோசித்தார். தப்பான அளவை அவரால் விட்டுவைக்க முடியாது.

"ஒரு வருஷமாத்தான் நிஜமாவே கேட்கல," என்றார். "அதுக்கு முன்னாடி இருபது வருஷமும் வேணும்னேதான்."

நர்ஸம்மா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"காரை நீங்களே பாத்துக்குங்க. காதை நான் பாத்துக்கிறேன்."