வாவியில் குருவி பார்த்தவன்

கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவனை ஊர் பைத்தியம் பிடித்த விசரன் என்னும், இல்லாவிட்டால் உளவாளி என்னும். குருவி பார்க்கிற இந்த வேலையில் அகப்பட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். மட்டக்களப்பு வாவியின் பறவைகளை முதன்முதலில் எழுதிவைத்தவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேருக்குப் பின்னால் இருப்பவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

கண்டுபிடித்தவன்

கண்டல் மரங்கள் அடர்ந்த தீவொன்றில் நத்தைகொத்தி நாரைகள் கூடு கட்டியிருப்பதை எனக்குக் காட்டியவர் மீன்பிடிக்கிற தம்பிராசா. தன் தோணியில் ஏற்றி, முள்ளுக்குள் கையைப் பிடித்து நடத்தி, குஞ்சுகளைக்கூட எண்ணித் தந்தார். நான் கொழும்புத் தமிழ்ச் சஞ்சிகை ஒன்றுக்கு, "நான் கண்டுபிடித்தேன்" என்று எழுதினேன். அச்சில் வந்ததும் பெருமை தாங்காமல் கரைக்குக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து முடித்து, மடித்துத் திருப்பித் தந்தார்.

"என்ட தோணியில போனதெண்டாச்சும் எழுதியிருக்கலாமே, சேர்."

டிரங்குப் பெட்டி

சுனாமி வந்த 2004, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை. கல்லடியில் என் வீட்டு வளவுக்குள் கடல் வந்தது. முதலில் கணுக்கால், கண்மூடித் திறப்பதற்குள் இடுப்பு. பக்கத்து வீட்டு நேசம்மாக்கா முழங்கால் ஏலாதவர். கேற்றைப் பிடித்துக்கொண்டு, "சேர், கையப் புடிங்க!" என்று கத்தினார்.

"கொப்பிப் பெட்டிய மேல வெச்சிட்டு வாறன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். பதினெட்டு வருசக் குறிப்புகள். பெட்டியை மாடித் தட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் கேற்றும் இல்லை, அவரும் இல்லை.

இரண்டு நாள் அவரைப் பிணங்களுக்குள் தேடினேன். மூன்றாம் நாள் பாலத்துக்கு அப்பால், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடமொன்றில் காலில் கட்டோடு இருந்தார். தென்னையில் தொங்கிய யாரோ ஒரு பெடியன் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினானாம். வாசலில் நின்ற எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அவரே கண்டு கூப்பிட்டார். குத்திக்காட்டவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"வாங்க சேர். கொப்பியெல்லாம் நனையல்லத்தானே?"

நல்ல செய்தி

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கரடியனாற்றுப் பக்கம் ஓடினேன். வருசக்கணக்காக எட்டிப் பார்க்க முடியாமல் இருந்த குளம். தாமரைக்கோழியும் நீர்க்கோழியும் நான் எந்தக் காலத்திலும் காணாத அளவு. எண்ணி எண்ணிக் கை வலித்தது.

இடம்பெயர்ந்து போய் அந்த வாரம்தான் திரும்பியிருந்த கந்தையா என்ற விவசாயி, தறப்பாள் கூரை போட்ட கொட்டிலுக்குள் கூப்பிட்டு இருத்தினார். கூரையில்லாத அவருடைய வீடு பின்னால் நின்றது. வயல் வட்டை முழுக்கப் பற்றைக்காடு. அவர் மனைவி தகரப் பேணியில் பிளேன்டீ தந்தார். எனக்கோ சந்தோசம் அடங்கவில்லை. "மனிசர் இல்லாமப் போனதால குருவியெல்லாம் எவ்வளவு பெருகியிருக்கு, தெரியுமா?" என்றேன்.

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கோபமே இல்லாத குரல்.

"அப்ப நாங்க திரும்பி வந்தது பிழை போல, சேர்."

இப்போது கூட்டங்களில் என்னை முன்னோடி என்று அறிமுகப்படுத்தி மாலை போடுகிறார்கள். அந்த நேரம் வானத்தில் எது பறந்தாலும் எனக்குத் தெரியாது, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.